சைவ உணவுக்கு மாறுவோரும் நொறுக்குத் தீனியும்



எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவருளை முன்னிட்டு, இம்மலரில் உணவு பற்றிய ஒரு பாடத்தை எழுத முன்வந்துள்ளேன். ஆலய மலரில் உணவுப் பாடம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். விரதம் என்பது உணவோடு தொடர்புடையது. கந்தசஷ்டி, ஆடி, திருவெம்பாவை, ஐயப்ப விரதம் என்று ஆண்டில் பல நாட்கள் நாம் மச்ச மாமிசம் விலக்கி நிற்கிறோம். அப்படி நிற்பவர்களுள் சிலர், "விரதம் முடிந்த பின்னும் இப்படியே இருந்துவிட்டால் என்ன?" என்று எண்ணி, முழுமையாக மரக்கறி உணவுக்கு மாறவும் செய்கிறார்கள். அண்மைக் காலத்தில் எமது தோட்டப் பகுதி இளைஞர்களிடமும் இந்த எண்ணம் வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. அந்த நல்ல எண்ணம் நிலைக்க வேண்டுமானால், கூடவே கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

கண்முன்னே காணும் நிலை

விரத காலத்தில் பதுளை பஸ் நிலையத்திலோ, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைக் கடைவீதிகளிலோ சற்று நின்று பாருங்கள். மாலை போட்ட பிள்ளைகள், காப்புக் கட்டிய அடியார்கள், சாப்பாட்டுக் கடைக்குள் நுழையத் தயங்குகிறார்கள். சட்டி பானை கலந்திருக்குமோ என்ற அச்சம். அது நியாயமானதே. ஆனால் பசி தாங்காது. ஆகவே அடுத்த கடையில் ஒரு பிஸ்கட் பொதியும் ஒரு போத்தல் சோடாவும் வாங்குகிறார்கள். அல்லது எண்ணெயில் பொரித்த வடை, பற்றிஸ், மிக்சர், முறுக்கு. வீட்டிலும் இதே கதைதான். கருவாடும் நெத்தலியும் அடுப்படியிலிருந்து போன பிறகு, அந்த இடத்துக்கு நூடில்ஸ் பொதியும், பப்படமும், பொரித்த உருளைக்கிழங்கும், சீனி நிறைந்த தேநீரும் வந்து அமர்ந்துகொள்கின்றன.

மச்சம் இல்லை, ஆகவே சைவம். சைவம், ஆகவே உடலுக்கு நல்லது. இப்படி இரண்டு படியை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறோம். முதற்படி சரியாக இருக்கலாம். இரண்டாவது படி தானாக வந்துவிடாது. சோடாவிலும் மீன் இல்லை, சீனிப் பாகிலும் இறைச்சி இல்லை. அதற்காக அவை சத்துணவு ஆகிவிடுமா?

வள்ளுவர் வைத்த இரண்டு அதிகாரங்கள்

திருக்குறளிலே 26ஆவது அதிகாரம் புலான்மறுத்தல் என்பது அனைவரும் அறிந்ததே. சைவ உணவு பற்றிப் பேசும் எந்த மேடையிலும் அந்த அதிகாரம் ஒலிக்கும். ஆனால் அதே வள்ளுவப் பெருந்தகை 95ஆவது அதிகாரமாக மருந்து என்று ஒன்றையும் வைத்திருக்கிறார். அதில் அவர் வலியுறுத்துவது என்ன? முன் உண்டது செரித்ததை அறிந்து பின்னர் உண்ண வேண்டும். அளவறிந்து உண்ண வேண்டும். நன்றாகப் பசித்த பின்பே உண்ண வேண்டும். உடலுக்கு ஒவ்வாததை விலக்க வேண்டும். இப்படி உண்பவனுக்கு மருந்தே தேவைப்படாது என்கிறார்.

முதல் அதிகாரம் எதை உண்ணலாகாது என்று சொல்கிறது. மற்றையது எப்படி உண்ண வேண்டும் என்று சொல்கிறது. முதலாவதைப் பிடித்துக்கொண்டு மற்றையதை விட்டுவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். நொறுக்குத் தீனியின் தன்மையே பசியில்லாமல் உண்ணச் செய்வதும், அளவு தெரியாமல் உண்ணச் செய்வதும்தான். ஒரு கோப்பை சோறும் பருப்பும் உண்டவர் போதும் என்பார். மிக்சர் பொதியை உடைத்தவர் அடி காணும்வரை கையை எடுக்கமாட்டார்.

வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். கொல்லாமையையும் புலால் உண்ணாமையையும் உயிர்க்கொள்கையாகக் கொண்ட அப்பெரியார், பசித்தவர்களுக்காக மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே பரிமாறப்படுவது பசி தீர்க்கும் எளிய சாப்பாடு. சைவ உணவின் இயல்பான வடிவம் அதுவே என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

லயத்துக்குக் கோதுமை மா வந்த கதை

நொறுக்குத் தீனி எமது வீடுகளில் இவ்வளவு எளிதாக நுழைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த எமது மூதாதையர் சோறும் கூழும் கஞ்சியும் உண்டு பழகியவர்கள். தோட்டத்திலும் அவர்களுக்கு அரிசியே வழங்கப்பட்டது. அந்த அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அரிசி வரவு தடைப்பட்டது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக் குறைவை ஈடுசெய்யக் கோதுமை மா வந்தது. அன்று வந்த ரொட்டி அதன் பின்னர் லயத்தை விட்டுப் போகவேயில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தோட்ட மக்கள் பட்ட பாட்டை மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள் பலர். பிழைக்காது போனவர்களும் உண்டு. மீண்டும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியதை எல்லோரும் கண்டோம். கோதுமை எமது நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வந்து இறங்குவதை நம்பியே அந்த அடுப்பு எரிகிறது.

ரொட்டியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. காலை ஏழு மணிக்கு மலையேறும் தாய்க்கு ரொட்டியே கைகொடுக்கிறது. ஆனால் வெள்ளைக் கோதுமை மாவும், சீனியும், எண்ணெயும் எமது நாவுக்குப் பழகிவிட்டன. பணிஸ், பிஸ்கட், கேக், றோல்ஸ், நூடில்ஸ் எல்லாம் அந்த மூன்றின் பிள்ளைகளே. ஆகவேதான் மச்சத்தை நிறுத்தியதும் கை தானாக அந்தப் பக்கம் போகிறது.

மாறுபவர் ஏன் வழுக்குகிறார்?

காரணங்கள் மூன்று என்று சொல்லலாம்.

முதலாவது, பசி. மீனும் இறைச்சியும் புரதம் நிறைந்தவை. உண்டால் வயிறு நெடுநேரம் நிறைந்திருக்கும். அவற்றை நிறுத்தியவர் அதற்கு ஈடாகப் பருப்போ கடலையோ சேர்க்காமல், சோற்றையும் உருளைக்கிழங்குக் கறியையும் மட்டும் உண்டால், இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். அந்த நேரத்தில் கையில் அகப்படுவது பிஸ்கட் பொதி.

இரண்டாவது, சுவை. கருவாடு, மாசி, நெத்தலி ஆகியவற்றின் உப்புக்கும் உறைப்புக்கும் பழகிய நாக்கு, சாதுவான மரக்கறியைக் கண்டதும் முரண்டு பிடிக்கும். அந்த உப்பை அது பொதி உணவுகளில் தேடும்.

மூன்றாவது, நேரம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், இரண்டு மரக்கறி வெட்டிச் சமைக்க நேரமில்லை. நூடில்ஸ் ஐந்து நிமிடத்தில் தயார். இதனை யாரும் சோம்பல் என்று சொல்லக்கூடாது. நாள் முழுவதும் கொழுந்துக் கூடை சுமந்தவளுக்குத்தான் அதன் களைப்புத் தெரியும். ஆகவே அறிவுரை கூறுபவர் அந்த நேரக் குறைவுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

அரச சேவையில் லிகிதராகப் பல வருடங்கள் பேரேட்டுடன் வாழ்ந்தவன் ஆகையால், எதையும் கணக்கில் எழுதிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். இதோ ஒரு கணக்கு.

ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி வீதம் குடித்தால் 40 கிராம். 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனி உள்ள மென்பானம் 400 மில்லிலீற்றர் குடித்தால் 44 கிராம், அதாவது பதினொரு கரண்டி. இரண்டும் சேர்ந்து 84 கிராம். ஐயப்ப விரதத்தின் 41 நாட்களுக்கு இதனைப் பெருக்கினால் ஏறக்குறைய 3,440 கிராம். மூன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. பிஸ்கட்டிலும் பணிஸிலும் உள்ளது இந்தக் கணக்கில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இவ்வாறு சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நன்று. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் அறிவுரை. அந்த ஒரு கரண்டிக்குள் கறியில் போடும் உப்பு, சம்பலில் போடும் உப்பு, ஊறுகாய், அச்சாறு, பப்படம், மிக்சர் எல்லாம் அடங்க வேண்டும்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் எமது நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வளர்ந்தவர்களுள் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காணப்பட்டது. அதன் பின்னர் நிலைமை கூடியதே தவிரக் குறையவில்லை. முன்பெல்லாம் சலரோகத்தைப் பட்டணத்துப் பணக்காரர் வருத்தம் என்பார்கள். இன்று தோட்ட மக்களும் கிளினிக் புத்தகத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

பொதியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

2016 ஓகஸ்ட் மாதம் முதல் எமது நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை. பின்னர் திண்ம உணவுப் பொதிகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் இவ்வாறான அடையாளம் கொண்டுவரப்பட்டது. அங்கே 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல், உப்பு 1.25 கிராமுக்கு மேல், கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் சிவப்பு விளக்குத் தெரியும். மஞ்சள் என்றவுடன் பயமில்லை என்று எண்ணவும் வேண்டாம். 10 கிராம் சீனி உள்ள பானமும் மஞ்சள்தான்.

சைவ உணவு உண்போருக்குப் பொதியை வாசிப்பதில் இன்னொரு தேவையும் உண்டு. கடையில் விற்கும் சீனிச் சம்பலில் மாசி இருக்கலாம். சில நூடில்ஸ் பொதிகளின் உள்ளே இருக்கும் தூளும், சூப் கட்டிகளும் கோழி இறைச்சிச் சுவை கொண்டவை. ஜெலி, சிலவகை இனிப்புகளில் சேர்க்கப்படும் ஜெலற்றின் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. கேக்கிலும் றோல்ஸிலும் முட்டை சேரும். சோயா மீற் பொதியிலும் சுவைத்தூள் என்னவென்று பார்த்தே வாங்க வேண்டும். ஆக, நொறுக்குத் தீனியைக் குறைப்பவர் தம் உடலையும் காக்கிறார், விரதத்தையும் காக்கிறார்.

மச்சத்தின் இடத்தில் எதை வைப்பது?

இதுவே பாடத்தின் முக்கிய பகுதி. ஒரு பொருளை இலையிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் தகுந்த ஒன்றை வைக்க வேண்டும். வெறுமையாக விட்டால் அங்கே நொறுக்குத் தீனி வந்து உட்காரும்.

புரதம்: 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிராம் புரதம் தேவை. சமைக்காத பருப்பு, பயறு, கௌபி ஆகியவற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 23, 24 கிராம் உண்டு. கொண்டைக் கடலையில் 20 கிராமளவு. கச்சானில் 25 கிராமளவு. சோயா மீற்றில் உலர்ந்த நிலையில் பாதியளவு புரதமே. அரிசியில் 7 கிராமளவு. 250 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, 50 கிராம் கடலை அல்லது பயறு ஆகிய மூன்றையும் ஒருவர் ஒரு நாளில் உண்டால் அந்த 40 கிராம் நிறைவாகிவிடும். அரிசியில் குறைவான சத்தைப் பருப்பும், பருப்பில் குறைவானதை அரிசியும் ஈடுசெய்கின்றன. எமது முன்னோர் சோற்றோடு பருப்பையும், தோசையில் அரிசியோடு உழுந்தையும் சேர்த்ததன் பொருத்தம் இதில் விளங்கும்.

இரும்புச்சத்து: தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலப் பிரச்சினை. கீரை, பருப்பு, பயறு, எள் ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் மரக்கறியில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா, தோடம்பழம் போன்றவற்றை உணவோடு சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதனைப் பெரிதும் தடுத்துவிடும். தேயிலையை நம்பி வாழும் நாம் தேநீரை விடவேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடித்தால் போதும். ரொட்டியோடு தேநீர் குடிக்கும் எமது வழக்கத்தில் இந்தச் சிறு மாற்றம் செய்ய ஒரு சதமும் செலவில்லை.

கல்சியம்: நெத்தலியை முள்ளோடு உண்டவர்களுக்கு அதிலிருந்து கல்சியம் கிடைத்தது. அதனை விட்டவர்கள் பால், தயிர், குரக்கன், எள், கீரை ஆகியவற்றை நாட வேண்டும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. எமது மாகாணத்திலேயே, கதிர்காமக் கந்தன் வீற்றிருக்கும் மொனராகலை மாவட்டத்தில், குரக்கனும் கௌபியும் சோளமும் விளைகின்றன.

வைற்றமின் பி12: இது விலங்குணவில் மட்டுமே இயல்பாகக் கிடைக்கும் சத்து. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் உண்டு. பாலும் தயிரும் ஒழுங்காகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அஞ்சத் தேவையில்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு சில வருடங்கள் கழித்தே வெளியில் தெரியும். கைகால் விறைப்பு, மறதி, களைப்பு என்று தெரியவரும்போது வயதின் கோளாறு என்று எண்ணிவிடுவோம். பால் வாங்க வசதியில்லாதவர்களும், பாலையும் விட்டவர்களும் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே முறை.

படிப்படியாக மாறும் வழி

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தியவர்கள், ஒரே நாளில் பழையபடி திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். பின்வரும் ஒழுங்கு எளிமையானது.

1. முதல் வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். ஒரு பழைய கொப்பியில் வீட்டார் வெளியில் வாங்கி உண்ணும் பொருளையும் செலவான காசையும் நாள்தோறும் எழுதுங்கள். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கொப்பியே பாதி அறிவுரை சொல்லிவிடும்.

2. இரண்டாம் வாரம் மென்பானத்தை நிறுத்துங்கள். பதிலுக்கு மோர், தேசிக்காய்த் தண்ணீர், இளநீர், வெறும் கொதித்தாறிய நீர். தேநீரில் சீனியை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரையாக்குங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் ஒன்றாக்குங்கள். நாக்குப் பழகிக்கொள்ளும்.

3. மூன்றாம் வாரம் மாலை நேரத் தீனியை மாற்றுங்கள். இரவிலே கடலை, கௌபி, பயறு ஏதாவது ஒன்றை ஊற வையுங்கள். காலையில் ரொட்டி சுடும்போது பக்கத்து அடுப்பில் அவித்துவிடலாம். தேங்காய்ப்பூவும் சிறிது வெங்காயமும் மிளகாயும் சேர்த்துத் தாளித்தால் பிள்ளைகள் பாடசாலைக்கும் கொண்டுபோவார்கள். மலைக்குப் போகும் தாயின் பத்து மணிப் பசிக்கும் அது உதவும்.

4. நான்காம் வாரம் ரொட்டியைத் திருத்துங்கள். மூன்று பங்கு மாவில் ஒரு பங்கு குரக்கன் மாவாக இருக்கட்டும். கரட் துருவல், முருங்கையிலை, வல்லாரை ஏதாவது சேர்த்துப் பிசையலாம். மாசி இல்லாத தேங்காய்ச் சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி தாராளமாக விட்டால் சுவைக் குறைவு தெரியாது.

5. பொரித்ததை நாள்தோறும் உண்ணாமல், வாரத்தில் ஒரு நாள், விசேட நாள் என்று ஒதுக்குங்கள். வடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் நல்ல எண்ணெயில் சுட்ட வடைக்கும், கடையில் காலை முதல் மாலை வரை அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சுட்ட வடைக்கும் வேறுபாடு உண்டு.

6. பயணம் போகும்போது, குறிப்பாகக் கதிர்காம யாத்திரையின்போது, வெறுங்கையோடு புறப்படாதீர்கள். அவித்த கடலை, வறுத்த கச்சான், வாழைப்பழம், எள்ளுருண்டை, ஒரு போத்தல் தண்ணீர் பையில் இருக்கட்டும். கையில் உணவுள்ளவன் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்க்கமாட்டான்.

மரக்கறிக்கு ஊவாவில் குறைவில்லை. வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கத்து போஞ்சி, கரட், கோவா, உருளைக்கிழங்கு கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து நாடெங்கும் லொறியில் போகின்றன. அதை விளைவிக்கும் மலைக்கு அருகில் இருக்கும் நாம் நூடில்ஸ் பொதி வாங்குகிறோம். லயத்துக்குப் பக்கத்தில் நாலு அடி நிலம் இருந்தாலும் ஒரு பாத்தி தண்டுக்கீரை, ஒரு முருங்கைத் தடி, ஒரு கொய்யா, ஓரத்தில் வல்லாரை வைக்கலாம். நின்ற பலாமரத்தின் பிஞ்சும் காயும் பஞ்ச காலத்தில் எத்தனை வீட்டைக் காத்தன என்பதை நினைவிற் கொள்க.

பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 2016ஆம் ஆண்டுக் குடிசனச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 17 வீதம். பெருந்தோட்டத் துறையில் மட்டும் ஏறக்குறைய 32 வீதம். மூன்று பிள்ளைகளில் ஒன்று என்று சொல்லலாம். இந்த நிலையில், சத்துள்ள மாற்று உணவு இல்லாமல், பெரியவரின் விரதத்தைப் பிள்ளையின் தட்டிலும் திணிப்பது தகாது. முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கையில் பிஸ்கட்டையும் ரொபியையும் கொடுப்பது தர்மம் ஆகாது.

கர்ப்பிணித் தாயும், பாலூட்டும் தாயும், சிறு பிள்ளைகளும் மரக்கறி உணவில் இருக்க விரும்பினால், தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதனை மறைக்காமல் சொல்லுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விரதம் என்று ஒதுக்க வேண்டாம். திரிபோஷா 1973ஆம் ஆண்டு முதல் நாட்டில் வழங்கப்பட்டு வருகிறது. அது சோளமும் சோயாவும் சேர்ந்த மா. அதனை மாட்டுக்கும் கோழிக்கும் போடாமல் உரியவருக்கே கொடுங்கள். நீரிழிவு, அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உபவாசம் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்பதும், மருந்தைத் தாமாக நிறுத்தாதிருப்பதும் கட்டாயம். முருகன் அடியாரின் அன்பை நோக்குபவனேயன்றி, அவர் மயங்கி விழுவதை விரும்புபவன் அல்லன்.

ஆலயம் செய்யக்கூடியவை

வீட்டுக்குச் சொல்லும் புத்தியை ஆலயமும் கைக்கொள்ள வேண்டும். திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் உபயகாரர்கள் நிறச் சாயம் கலந்த இனிப்புப் பானத்துக்குப் பதிலாக மோரும் பானகமும் கொடுக்கலாம். பானகத்திலும் சர்க்கரை அளவோடு இருக்கட்டும். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பொதியும் சோடாவும் வழங்குவோர், அதே செலவில் சுண்டலும் வாழைப்பழமும் வழங்கலாம். அன்னதானத்தில் பப்படத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒரு கீரையைக் கூட்டலாம். சுண்டல், பொங்கல், பச்சைப்பயறு, வாழைப்பழம், இளநீர் என்று எமது படையலில் ஏற்கனவே உள்ளவை எல்லாம் நல்ல உணவுகள். இறைவனுக்குப் படைக்கும் உணவையே நாமும் வீட்டில் அதிகமாகச் சேர்த்துக்கொண்டால் பெரிய பாடம் எதுவும் தேவைப்படாது.

உபயகாரர்கள் அன்போடு கொடுப்பதை யாரும் இகழக் கூடாது. அவர்களிடம் முன்கூட்டியே, பணிவாக, "ஐயா, அம்மா, இம்முறை மோர்ப் பந்தலாக வைப்போமா?" என்று கேட்டால் மறுப்பவர் மிகச் சிலரே.

நிறைவாக

மரக்கறி உணவுக்கு மாறுவது உயிர்களிடத்துக் கொண்ட இரக்கத்தின் அடையாளம். அந்த இரக்கம் எமது உடலிடத்தும், எமது பிள்ளைகளின் உடலிடத்தும் இருக்க வேண்டும். உடம்பும் இறைவன் தந்த ஆலயமே என்பது சைவப் பெரியோர் வாக்கு. அந்த ஆலயத்துக்கு நாள்தோறும் என்ன நைவேத்தியம் செய்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.

வருகின்ற கந்தசஷ்டியில் காப்புக் கட்டும் அடியார்கள், அந்த ஆறு நாட்களும் மச்ச மாமிசத்தோடு சோடாவையும் பொதித் தீனியையும் விலக்குவது என்று ஒரு சங்கற்பம் செய்துகொள்ளலாம். பாரணை முடிந்த பின் எதைத் திரும்பச் சேர்ப்பது, எதை விட்டுவிடுவது என்று குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று வாழக் கதிர்வேற் பெருமான் திருவருள் புரிவாராக.

சுபம்.